174-க்கு 166: 1989 டூர் டி பிரான்ஸ் கணக்கு

1989 ஜூலை 1, லக்சம்பர்க். முந்தைய ஆண்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற பெத்ரோ டெல்காடோவின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். மேடையில் ஆளில்லை. அது வெறும் 7.8 கிலோமீட்டர் தொடக்க ஓட்டம். ஒவ்வொருவராகக் கிளம்பித் தனியே ஓட்ட வேண்டும். குறித்த நேரம் வந்ததும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும், ஆள் வந்தாரா இல்லையா என்று அது பார்க்காது. உடம்பைச் சூடேற்றிக்கொள்ளப் போன டெல்காடோ, 2 நிமிடம் 40 நொடி கழித்துத்தான் ஓடி வந்து சேர்ந்தார். 198 பேரில் கடைசி இடம். முதல் நாளே 2 நிமிடம் 54 நொடி பின்தங்கியாயிற்று.

மறுநாள் மாலை அணியாக ஓட்டும் 46 கிலோமீட்டர் ஓட்டம். நடந்ததை நினைத்து நினைத்து இரவு தூங்காத டெல்காடோ நடுவழியில் துவண்டார். அவருக்காக ரெய்னால்ட்ஸ் அணி காத்திருக்க வேண்டியதாயிற்று. அணிகளில் கடைசி இடம், இன்னும் 4 நிமிடம் 32 நொடி இழப்பு. இரண்டே நாளில் ஏழு நிமிடத்துக்கு மேல் கடன். அதற்கப்புறம் மூன்று வாரம் மலை மலையாக ஏறி அதில் பாதிக்கு மேல் அடைத்து, பாரிஸில் மூன்றாவதாக வந்தார். வென்றவருக்கும் அவருக்கும் இடையே 3 நிமிடம் 34 நொடி.

இந்தப் போட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் டெல்காடோவை ஒரு வேடிக்கைத் துணுக்காகச் சொல்லிவிட்டுக் கடைசி நாளுக்குத் தாவிவிடுவார்கள். எனக்கு அவர்தான் இந்தக் கதைக்குச் சரியான வாசல். ஏனென்றால் 1989 போட்டியில் எல்லாமே கணக்கு. எங்கே விட்டோம், எங்கே பிடித்தோம், யார் எப்போது கவனிக்கவில்லை என்பதுதான் மொத்தக் கதையும். கடைசியில் கிரெக் லெமாண்ட் வென்றது 8 நொடியில். மொத்த நேரம் 87 மணி 38 நிமிடம் 35 நொடி, தூரம் ஏறக்குறைய 3,285 கிலோமீட்டர். அந்த நேரத்தை நொடியாக்கினால் 3,15,515. அதில் எட்டு. டூர் வரலாற்றில் இதைவிடச் சிறிய வித்தியாசம் இன்றுவரை கிடையாது.

பரவலாகச் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: லெமாண்ட் புதுவித ஹேண்டில்பார் போட்டிருந்தார், இரண்டாவதாக வந்த லோரான் ஃபின்யோன் போடவில்லை. அதோடு ஃபின்யோனின் குதிரைவால் முடியும் காற்றில் பறந்தது. ஆக, தோற்றார். இது பொய்யில்லை. ஆனால் நொடிகளை வரிசையாக எழுதிக் கூட்டிப் பார்த்தால் அந்த ஹேண்டில்பார் வேறு ஓர் இடத்தில் வந்து நிற்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

யார் இந்த இருவர்

ஃபின்யோன் பாரிஸ்காரர். 1983-லும் 1984-லும் டூரை வென்றவர். 1984-ல் மூன்றாவதாக வந்தது அவருடைய சொந்த அணியின் இளைஞர், அமெரிக்கரான லெமாண்ட். இருவரையும் ரெனோ அணியில் வளர்த்தவர் பயிற்றுநர் சிரில் கிமார். இந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

ஃபின்யோனுக்கு 1985-ல் குதிகால் தசைநாரில் காயம், அறுவைச் சிகிச்சை. பழையபடி ஆக நாலு வருடம் பிடித்தது. 1989 வசந்தத்தில் மிலான்–சான் ரெமோ ஒருநாள் பந்தயத்தை இரண்டாம் முறையாக வென்றார். ஜூனில் இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜீரோவில் பட்டம். அவருடைய அப்போதைய அணியான சூப்பர் யுவும் அவரும் ஏறுமுகத்தில் இருந்தார்கள். அணியின் பயிற்றுநராகக் கூடவே கிமார்.

லெமாண்ட் 1986-ல் டூரை வென்றவர், அதை வென்ற முதல் அமெரிக்கர். 1987 ஏப்ரல் 20 அன்று கலிபோர்னியாவில் வான்கோழி வேட்டைக்குப் போன இடத்தில் உறவினரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து உடம்பெல்லாம் ரவைகள். பிழைத்ததே பெரிது. எடுக்க முடியாத ரவைகள் பல உள்ளேயே தங்கிவிட்டன, அவற்றில் சில இதயத்தின் உறையில். 1987, 1988 இரண்டு டூர்களும் போயின. 1989-ல் அவருக்குக் கிடைத்தது ஏ.டி.ஆர். என்ற பெல்ஜிய அணி. சம்பளம்கூட ஒழுங்காக வராத அணி. எடி பிளாங்கார்ட், யோஹான் மூசேவ் போன்ற நல்ல ஓட்டக்காரர்கள் இருந்தார்கள், ஆனால் சமவெளிக்காரர்கள். மலையில் லெமாண்ட் தனியாள்.

அந்த ஆண்டு ஜீரோவில் அவர் பின்வரிசையில் தவித்துக்கொண்டிருந்தார். மொத்தத்தில் 39-வது இடம். ஆனால் ஃபுளோரன்ஸில் முடிந்த கடைசி நாள் டைம் டிரையலில் (ஒவ்வொருவராகத் தனியே கடிகாரத்தை எதிர்த்து ஓட்டுவது) திடீரென்று இரண்டாவதாக வந்தார், பட்டம் வென்ற ஃபின்யோனை ஒரு நிமிடத்துக்கு மேல் முந்தி. 39-வது ஆள் கடைசி நாளில் நன்றாக ஓட்டினால் யார் கவனிப்பார்கள்? கிமார் கவனித்தார். டூரில் இவன் ஆபத்து என்று ஃபின்யோனிடம் சொல்லவும் செய்தார்.

நொடிக் கணக்கு

டூர் கணக்கு எளிது. ஒவ்வொரு நாள் ஓட்ட நேரத்தையும் கூட்டிக்கொண்டே போவார்கள். குறைந்த மொத்தம் யாருக்கோ அவருக்கு மஞ்சள் ஜெர்சி. ஃபின்யோன், லெமாண்ட் இருவருக்கும் இடையிலான வித்தியாசம் மட்டும் நமக்குப் போதும்.

தொடக்க ஓட்டத்தில் இருவரும் ஒரே நேரம். எரிக் ப்ரொய்கிங்க் வென்றார், இவர்கள் ஆறு நொடி பின்னால். இரண்டாம் நாள் அணி ஓட்டத்தில் சூப்பர் யு முதலிடம், ஏ.டி.ஆர். ஐந்தாவது. ஃபின்யோனுக்கு 51 நொடி லாபம்.

ஜூலை 6-ம் தேதி பிரித்தானிப் பகுதியில் தினாரிலிருந்து ரென் வரை 73 கிலோமீட்டர் டைம் டிரையல். லெமாண்ட் அதை வென்றார். டெல்காடோ இரண்டாவது, ஃபின்யோன் மூன்றாவது, 56 நொடி பின்னால். 51 போய் 56 வந்ததில் லெமாண்டுக்கு 5 நொடி முன்னிலை, மஞ்சள் ஜெர்சியும். 1986-க்குப் பிறகு முதல் முறை.

பிரனீஸ் மலைகளில் சூப்பர்பன்யேர் உச்சியை நோக்கி ஏறும்போது கடைசியில் ஃபின்யோன் 12 நொடி பிடுங்கினார். ஜெர்சி அவருக்கு, முன்னிலை 7 நொடி. ஆல்ப்ஸ் வந்ததும் ஓர்சியேர்-மெர்லெட்டுக்கு ஏறும் 39 கிலோமீட்டர் மலை டைம் டிரையல். லெமாண்டுக்கு 47 நொடி லாபம், ஜெர்சி மீண்டும் அவரிடம், முன்னிலை 40. அடுத்த கட்டம், அதாவது அடுத்த ஒருநாள் ஓட்டம், இசோவார் கணவாயைத் தாண்டிப் பிரியான்சோனுக்கு. அங்கே இன்னொரு 13. முன்னிலை 53.

மறுநாள் ஆல்ப் துயெஸ். ஃபின்யோன் ஒரே ஏற்றத்தில் 1 நிமிடம் 19 நொடி எடுத்தார். 26 நொடி முன்னிலையோடு ஜெர்சி அவருக்கு. அதற்கு அடுத்த நாள் வீலார்-த-லானில் தனியாகப் பறந்து கட்டத்தையே வென்று இன்னும் 24. ஆக 50 நொடி. அதற்கப்புறம் ஏக்ஸ்-லே-பானில் லெமாண்ட் கட்டத்தை வென்றார், ஆனால் ஃபின்யோன் கூடவே வந்ததால் வித்தியாசம் மாறவில்லை. அதற்கடுத்த நாளும் மாறவில்லை. மிச்சம் இருந்தது ஜூலை 23 மட்டும். வெர்சாயிலிருந்து பாரிஸின் ஷான்ஸ் எலிசே வரை 24.5 கிலோமீட்டர் டைம் டிரையல். லெமாண்டுக்கு 58 நொடி லாபம்.

இப்போது இரண்டு பத்தியாகக் கூட்டுங்கள். லெமாண்ட் எடுத்தது: 56, 47, 13, 58. மொத்தம் 174. ஃபின்யோன் எடுத்தது: 51, 12, 79, 24. மொத்தம் 166. மூன்று வாரம் இருவரும் மாறி மாறி அடித்துக்கொண்டதன் மீதி 8.

லெமாண்டின் 174-ல் 161 நொடி மூன்று டைம் டிரையலில் வந்தது. ஒருவரோடு ஒருவர் சேர்ந்து ஓட்டிய நாட்களில் அவர் எடுத்தது மொத்தமே 13. ஃபின்யோன் அந்த ஜூலையில் அவரைப் பற்றிச் சலித்துக்கொண்டதும் இதற்காகத்தான்: முன்னால் வந்து காற்றை வாங்கிக்கொண்டு இழுப்பதில்லை, எப்போது பார்த்தாலும் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறான். லெமாண்டின் பதில், எனக்கு இழுக்க அணி எங்கே இருக்கிறது? இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். மலையில் துணையில்லாதவன் காப்பதைக் காத்துக்கொண்டு, தனியாக ஓட்டும் நாளில் சம்பாதிப்பான். வேறு வழி அவருக்கு இல்லை.

ஆல்ப் துயெஸ், அல்லது ஆளைப் படிப்பது

கணக்கில் மிகப் பெரிய ஒற்றை வரி அந்த 79. அது எப்படி வந்தது என்பது இந்தப் போட்டியின் அழகான பகுதி.

கலிபியே, குரோவா-த-ஃபேர் கணவாய்களை ஏறி முடித்து ஆல்ப் துயெஸ் வளைவுகளில் ஃபின்யோன், லெமாண்ட், டெல்காடோ ஒன்றாகப் போகிறார்கள். முன்னால் தனியே போன தெனிஸ்ஸேதான் கட்டத்தை வெல்லப் போகிறார். பின்னால் காரில் கிமார். லெமாண்ட் பத்தொன்பது வயதில் தொழில்முறைக்கு வந்தபோது பயிற்றுவித்தவர் அவர். அந்தப் பையன் களைத்தால் சைக்கிள் மேல் அவன் உட்காரும் விதம் எப்படி மாறும் என்பது அவருக்குத் தெரியும். முகத்தை ஒளிக்கலாம், உடம்பை ஒளிக்க முடியாது.

உச்சிக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது கிமார் காரை ஏற்றிக்கொண்டு வந்து ஃபின்யோனிடம் சொன்னார்: அவன் முடிந்துவிட்டான், இப்போதே அடி. ஃபின்யோனால் முடியவில்லை, அவரும் அந்த அளவுக்குக் களைத்திருந்தார். நாலு கிலோமீட்டர் இருக்கும்போது மறுபடி. இந்த முறை அடித்தார். லெமாண்ட் அங்கேயே கழன்றார். அந்த நாலு கிலோமீட்டரில் வந்தவைதான் அந்த 79 நொடி.

அன்றைக்குக் காதில் ரேடியோ கிடையாது. கார் பக்கத்தில் வந்து ஜன்னல் வழியாகக் கத்தினால்தான் செய்தி. இத்தனை நெரிசலில், ஒரு மனிதனின் தோளையும் முதுகையும் பார்த்து முடிவெடுத்தது சாதாரண விஷயமில்லை. அந்த ஆண்டு பயிற்றுநர்கள் எடுத்த முடிவுகளில் இதுதான் மிகச் சிறந்தது என்பேன். அந்தத் திறமையைச் சொல்லிவிட்டுத்தான் அதே கிமாரின் தவறைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம்.

ஹேண்டில்பாரின் பங்கு எவ்வளவு

சைக்கிள் ஓட்டும் எவருக்கும் எதிர்காற்று என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. வேகம் கூடக் கூடக் காற்றின் தடை அதன் வர்க்கமாகக் கூடும், அதை வெல்லத் தேவையான சக்தி கன மடங்காக. அந்தத் தடையின் பெரும்பகுதியை வாங்குவது சைக்கிள் அல்ல, மேலே உட்கார்ந்திருக்கும் ஆள். மார்பு, தோள், விரிந்த முழங்கைகள்.

அமெரிக்காவில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்காரர்களிடமிருந்து வந்தது அந்த ஹேண்டில்பார். பனிச்சறுக்குப் பயிற்சியாளராக இருந்த பூன் லென்னன் வடிவமைத்தது, ஸ்காட் நிறுவனம் விற்றது. வழக்கமான ஹேண்டில்பாரின் நடுவிலிருந்து முன்னால் நீளும் ஒரு வளையம். முழங்கைகளை ஒடுக்கி மெத்தையில் வைத்து, கைகளை முன்னால் நீட்டினால், உடம்பு பனிச்சறுக்கில் குனிந்து இறங்குபவனைப் போல ஆகிவிடும். மே மாதம் அமெரிக்காவில் நடந்த டூர் டி டிரம்ப் போட்டியிலேயே 7-லெவன் அணி அதைப் பயன்படுத்திவிட்டது. சேணம், பெடல், ஹேண்டில்பார் என்று மூன்று தாங்குமிடம்தான் இருக்கலாம் என்ற விதி இருந்தது. முழங்கை மெத்தை நாலாவதா என்று வாதாட இடமுண்டு. டூர் நடுவர்கள் தடுக்கவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ரென் ஓட்டத்திலும் லெமாண்டிடம் இதே ஹேண்டில்பார்தான், பாரிஸிலும் அதேதான். இரண்டிலும் ஃபின்யோனிடம் இல்லை. ரெனில் லெமாண்ட் எடுத்த நேரம் ஏறக்குறைய 1 மணி 38 நிமிடம், ஃபின்யோன் இழந்தது 56 நொடி. அதாவது நூற்றுக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. பாரிஸில் லெமாண்டின் நேரம் 26 நிமிடம் 57 நொடி, ஃபின்யோன் இழந்தது 58. நூற்றுக்கு மூன்றரைக்கு மேல். பொருள் மாறவில்லை, இழப்பின் விகிதம் மட்டும் கிட்டத்தட்ட நாலு மடங்காகிவிட்டது.

பாதையும் காற்றும் இரண்டு நாளும் ஒன்றல்ல என்பது உண்மை. வெர்சாயிலிருந்து பாரிஸுக்குப் பாதை மொத்தத்தில் இறக்கம், வேகம் அதிகம், ஆகவே காற்றின் பங்கும் சற்று அதிகம். ஆனால் அது நாலு மடங்கை விளக்காது. பெருந்தன்மையாக, ரெனில் ஃபின்யோன் இழந்தது முழுவதும் ஹேண்டில்பாரால்தான் என்று வைத்துக்கொள்வோம். அதே விகிதத்தைப் பாரிஸில் போட்டால் 15 நொடி வரும். 58-ல் 15. மீதி 43 நொடிக்கு வேறு காரணம் வேண்டும்.

கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் இந்தக் கணக்குப்படி அந்த ஹேண்டில்பார் அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது எல்லோரும் பேசும் பாரிஸில் அல்ல. மூன்று மடங்கு நீளமான ரென் ஓட்டத்தில். படங்களில் இருப்பது ஷான்ஸ் எலிசே. பணம் கைமாறியது பதினேழு நாள் முன்னால், பிரித்தானியில்.

அந்தப் பதினேழு நாள்தான் என் பார்வையில் உண்மையான வழக்கு. ஜூலை 6-ம் தேதியே பொருள் எல்லோர் கண்ணெதிரேயும் வந்துவிட்டது. அதைப் போட்டவர் வென்று ஜெர்சியையும் எடுத்தார். சூப்பர் யு ஒன்றும் பழமைவாத அணி அல்ல. கடைசி நாள் ஃபின்யோனின் சைக்கிளில் முன்னும் பின்னும் ஸ்போக்ஸ் இல்லாமல் மூடிய டிஸ்க் சக்கரம், மாட்டுக்கொம்பு போல வளைந்த ஹேண்டில்பார். லெமாண்டிடம் பின்னால் மட்டுமே டிஸ்க், முன்னால் சாதாரண ஸ்போக்ஸ் சக்கரம். காற்றைப் பற்றி யோசித்த அணிதான். ஆனால் வண்டியைப் பற்றியே யோசித்தது. லெமாண்ட் ஆளைப் பற்றி யோசித்தார்: ஒடுக்கிய கை, பின்புறம் கூம்பிய ஹெல்மெட், தாழ்ந்த தலை. ஃபின்யோன் தலையில் ஒன்றுமில்லை. கண்ணாடியும் குதிரைவாலும்தான்.

ஒருவனின் தோளைப் பார்த்து அவன் களைப்பைக் கண்டுபிடித்த கிமார், அதே தோள் கைப்பிடியில் எப்படி ஒடுங்கியிருக்கிறது என்பதைப் பார்த்தும் அதிலிருந்து ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. விதிக்குள் வராது என்ற நினைப்பு, அமெரிக்க விளையாட்டுச் சாமான் என்ற இளக்காரம், நடுப்போட்டியில் உட்காரும் விதத்தை மாற்றினால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்ற பயம், எல்லாம் கலந்திருக்கலாம். கடைசிக் காரணம் நியாயமானதுகூட. ஆனால் ஹெல்மெட் போட முதுகு வலிக்காது. முடியைச் சுருட்டிக் கட்டவும் வலிக்காது.

மீதி 43

ஏக்ஸ்-லே-பான் கட்டத்துக்குப் பிறகு ஃபின்யோனுக்குச் சேணத்தில் உட்காரும் இடத்தில் புண். சைக்கிள் ஓட்டுபவர்களுக்குத் தெரியும், இது வெளியில் சொல்லக் கூச்சமான, ஆனால் ஓட்டத்தையே முடித்துவிடக்கூடிய வலி. ஒவ்வொரு மிதிக்கும் அந்த இடத்தில்தான் அழுத்தம். ஊக்கமருந்துச் சோதனை இருப்பதால் கண்ட வலி மருந்தையும் போட முடியாது. இரவில் தூக்கமில்லை. அதோடு பாரிஸுக்கு ரயில் பயணம், போகும் இடமெல்லாம் கேமராக்கள். அவருக்கு ஏற்கெனவே பத்திரிகைக்காரர்கள் என்றால் ஆகாது. அந்த ஆண்டு செய்தியாளர்களிடம் மிகச் சிடுசிடுப்பானவர் என்று அவர்கள் தரும் எலுமிச்சைப் பரிசும் அவருக்குத்தான் கிடைத்தது.

புண்ணைப் பற்றி லெமாண்ட் தரப்புக்குத் தெரியாது. பெரும்பாலான வல்லுநர்கள் 24.5 கிலோமீட்டரில் 50 நொடி எடுப்பது ஆகாத காரியம் என்றார்கள். கிலோமீட்டருக்கு இரண்டு நொடி. ஃபின்யோனும் அப்படித்தான் நம்பினார்.

ஆனாலும் இதை ஃபின்யோனின் சரிவு என்று எழுதிவிட முடியாது. அன்று அவர் மூன்றாவதாக வந்தார். 138 பேரில் மூன்றாவது. இரண்டாவதாக வந்தது அவருடைய அணிக்காரரே, குறுந்தூர டைம் டிரையலில் கெட்டிக்காரரான தியெரி மாரி, லெமாண்டுக்கு 33 நொடி பின்னால். புண்ணோடு ஓட்டிய ஃபின்யோன் மாரியிடம் இழந்தது 25 நொடிதான். ஆக அந்த 43-ல் ஒரு பங்கு வலிக்கு, ஒரு பங்கு தூக்கமின்மைக்கு. பெரும் பங்கு நேராக லெமாண்டின் காலுக்கு. மணிக்கு 54.545 கிலோமீட்டர் சராசரி. அதுவரை டூரில் எந்தத் தனி டைம் டிரையலிலும் யாரும் அந்த வேகத்தைத் தொட்டதில்லை.

லெமாண்ட் அன்று எடுத்த இன்னொரு முடிவு எனக்கு ஹேண்டில்பாரைவிடச் சுவையானது. தன் அணி மேலாளர் யோசே த கௌவரிடம் சொல்லிவிட்டார்: நடுவில் எனக்கு நேரம் எதுவும் சொல்லாதே. முன்னால் இருக்கிறேனா பின்னால் இருக்கிறேனா என்று தெரிந்தால் மனம் கால்களைத் திட்டமிட ஆரம்பித்துவிடும். தெரியாவிட்டால் ஒன்றுதான் செய்ய முடியும், முழுதாக மிதிப்பது. ஃபின்யோனுக்கோ பின்காரிலிருந்து நேரம் வந்துகொண்டே இருந்தது. ஏறக்குறைய பாதி வழியில் 21 நொடி இழப்பு. 14-வது கிலோமீட்டரில் 24. பதினெட்டில் 35. இருபதில் 45.

இந்த எண்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். 14-வது கிலோமீட்டர் வரை ஃபின்யோன் கிட்டத்தட்டப் பாதுகாப்பாக இருக்கிறார். கிலோமீட்டருக்கு 1.7 நொடி போகிறது. அதே வீதத்தில் போனால் 42-ல் முடியும், எட்டு நொடியில் பட்டம் அவருக்கு. 14-லிருந்து 20 வரையிலான ஆறு கிலோமீட்டரில் 21 நொடி போகிறது, இருமடங்கு வீதம். ஹேண்டில்பார் நடுவழியில் வலிமை கூட்டிக்கொள்ளாது. புண்ணும் களைப்பும்தான் அப்படிச் செய்யும். அல்லது எதிரே ஓட்டுபவன் கடைசிக்கு மிச்சம் வைத்திருந்தால்.

லெமாண்ட் இரண்டு நிமிடம் முன்னால் கிளம்பியவர். முடித்துவிட்டு, கோட்டுக்கு அப்பால் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபின்யோன் பட்டத்தைக் காக்க 27 நிமிடம் 47 நொடிக்குள் வர வேண்டும். அந்த நொடி கடந்தபோது அவர் ஷான்ஸ் எலிசேயில், கோட்டுக்கு நூறு மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருந்தார். 27 நிமிடம் 55 நொடியில் கோட்டைத் தாண்டித் தரையில் விழுந்தார்.

யாருடைய எட்டு நொடி

இப்படிப் போட்டிக் கணக்கைப் பிரித்துப் பார்க்கும்போது ஒரு பொறி உண்டு. 174, 166 இரண்டிலும் உள்ள எட்டு வரிகளில் எதை எடுத்தாலும் முடிவு மாறுவதுபோலத் தோன்றும். சூப்பர்பன்யேரில் அந்த 12 நொடி ஃபின்யோனுக்குக் கிடைக்காமல் போயிருந்தால் லெமாண்டின் வெற்றி 20 நொடி. பிரியான்சோனில் 13-ஐ ஃபின்யோன் விட்டிருக்காவிட்டால் பட்டம் அவருக்கு, ஐந்து நொடியில். கிமார் சொன்ன இடத்திலேயே, ஆறு கிலோமீட்டர் இருக்கும்போதே ஆல்ப் துயெஸில் அடித்திருந்தால்? அணி ஓட்டத்தில் ஏ.டி.ஆர். இன்னும் மோசமாக ஓட்டியிருந்தால்? இந்த ஆட்டத்துக்கு முடிவே கிடையாது. ஒன்று மாறினால் மற்றவர்கள் ஓட்டும் விதமும் மாறியிருக்கும் என்பதை மறந்துவிட்டு ஆடும் ஆட்டம் இது.

ஆகவே நான் பார்ப்பது எது முடிவை மாற்றியிருக்கும் என்பதை அல்ல. எது அன்றைக்கே தெரிந்தும் செய்யப்படாமல் இருந்தது என்பதை. புண் யார் கையிலும் இல்லை. லெமாண்டின் கால் ஃபின்யோன் கையில் இல்லை. ஆறு கிலோமீட்டரில் அடிக்க உடம்பில் தெம்பு இல்லை. ஹேண்டில்பாரும் ஹெல்மெட்டும் மட்டுமே தெரிந்திருந்தும் எடுக்கப்படாதவை. பாரிஸில் அதன் விலை 15 நொடி என்பது என் தோராயம். தேவைப்பட்டது ஒன்பது.

டெல்காடோவுக்கும் இதே அளவுகோலை வைக்கலாம். அவர் முதல் இரண்டு நாளில் ஃபின்யோனிடம் இழந்தது 7 நிமிடம் 20 நொடி. முடிவில் ஃபின்யோனுக்குப் பின்னால் 3 நிமிடம் 26 நொடி. அதாவது மூன்றாம் நாளிலிருந்து மட்டும் எண்ணினால், அந்த டூரில் ஃபின்யோனைவிடக் கிட்டத்தட்ட நாலு நிமிடம் வேகமானவர் அவர்தான், லெமாண்டையும்விட. தலைமேல் கடிகாரம் தொங்கும்போது நேரத்துக்கு மேடைக்கு வருவது கையில் இருந்த விஷயம்.

ஒரு மாதம் கழித்து சாம்பெரியில் மழையில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியிலும் லெமாண்ட் வென்றார், ஃபின்யோன் ஆறாவது. அதே ஆண்டு, தனி டைம் டிரையல் ஓட்டங்களில் பெயர்பெற்ற கிராண்ட் பிரீ தே நாஸியோனை வென்றது ஃபின்யோன். கடிகாரத்துக்கு எதிராக ஓட்டத் தெரியாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. டூரை அவர் மறுபடி வெல்லவில்லை. 2010 ஆகஸ்டில் புற்றுநோயில் இறந்தபோது வயது 50.

டூர் நிர்வாகம் 1989-க்குப் பிறகு கடைசி நாளை டைம் டிரையலாக வைக்கவே இல்லை, முப்பத்தைந்து ஆண்டு. 2024-ல் ஒலிம்பிக் காரணமாகப் பாரிஸுக்குப் போக முடியாமல் மொனாகோவிலிருந்து நீஸ் வரை வைத்தார்கள். அன்று கிளம்பியவர்கள் முழங்கையை மெத்தையில் வைத்துக் கையை முன்னால் நீட்டித்தான் ஓட்டினார்கள்.